போருக்குப் பின்னால் வரும் பேதி: ஊரளவில் தொற்றைத் தடுக்கும் கணக்கு

தருமபுரிப் பக்கம் ‘போர்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது போர்வெல்தான். இந்தக் கட்டுரை மற்ற போரைப் பற்றியது. ஆனாலும் இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் கொண்டுவரப்பட்டு 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது. காவிரியில் எடுத்து, சுத்திகரித்து, குளோரின் சேர்த்து, மேட்டுக்கு ஏற்றி, ஊர் ஊராக இருக்கும் மேல்நிலைத் தொட்டிகளுக்கு அனுப்புகிறார்கள். இதில் எந்தக் கட்டமும் மின்சாரம் இல்லாமல் நடக்காது. மின்சாரம் போய், டீசலும் கிடைக்காமல் நாலு நாள் ஆனால் ஊர் சும்மா இருக்காது. துருப்பிடித்துக் கிடந்த அடிபம்பைத் தட்டி எழுப்பும், தோட்டத்துக் கிணற்றில் வாளி விடும், ஏரிக்குப் போகும். அதற்கடுத்த சில நாட்களில் ஏதோ ஒரு தெருவில் பேதி தொடங்கும்.

போர்க்காலத் தொற்றுநோய் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். போர் புதுக் கிருமி எதையும் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் கிருமியை நம்மிடமிருந்து தள்ளி வைத்திருந்த குழாய், கக்கூஸ், தடுப்பூசி, நர்ஸம்மாவின் பதிவேடு ஆகியவற்றைப் போர் உடைக்கிறது. ஊரளவில் நோயைக் கட்டுப்படுத்துவது என்றால், உடைந்ததற்குக் கைவசம் உள்ளதைக் கொண்டு மாற்று செய்வது. எதை முதலில் செய்வது, எவ்வளவு செய்வது என்ற கணக்குதான் இதில் முக்கியம்.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு, ருவாண்டா எல்லையை ஒட்டி இன்றைய காங்கோவில் இருக்கும் கோமா நகரம் 1994-ல் ஒரு சாட்சி. ருவாண்டாவிலிருந்து தப்பிய லட்சக்கணக்கானோர் சில நாட்களில் அங்கே குவிந்தார்கள். குடிக்கக் கிடைத்தது கிவு ஏரித் தண்ணீர். தரை எரிமலைப் பாறை என்பதால் கக்கூஸுக்குக் குழி வெட்ட முடியவில்லை. முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காலராவும் சீதபேதியும்தான் காரணம். நம் மாவட்டங்களிலும் பல இடங்களில் நாலடி வெட்டினால் பாறைதான் தட்டுகிறது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைசூர்ப் போர்களில் பாராமகால் கோட்டைகள் கைமாறியதற்குப் பிறகு இந்த மண்ணில் பெரிய படை நடமாட்டம் இல்லை. ஆனால் போருக்குத் தப்பியவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். தும்பலஹள்ளி, நாகாவதி, வாணியாறு, பாம்பாறு, கெலவரப்பள்ளி என்று அணைக்கட்டுகளை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் அமைந்தது அப்படித்தான். ஆகவே நம் ஊருக்குக் குண்டு வருவதைவிட, குண்டுக்குத் தப்பியவர்கள் வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம்: பாலக்கோடு பக்கம் 1,200 பேர் வாழும் ஓர் ஊர். அரசுப் பள்ளிக்கூடத்தில் 600 பேர் வந்து தங்குகிறார்கள். மின்சாரம் நம்ப முடியாத நிலை. இனி வரும் எண்கள் இந்த ஊருக்கானவை.

முதல் வேலை தண்ணீர்

நெருக்கடி நேரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்பது உலகெங்கும் நிவாரணப் பணியில் பின்பற்றப்படும் அளவு. குடிக்க, சமைக்க, கை கால் கழுவ எல்லாம் சேர்த்து. 1,800 பேருக்கு 27,000 லிட்டர். ஊரில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி இருந்தால் தினம் ஒரு தடவை நிறைந்தால் போதும். நிமிடத்துக்கு 150 லிட்டர் தள்ளும் மோட்டார் அதை 3 மணி 20 நிமிடத்தில் நிரப்பும். அதாவது கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு விடும் ஜெனரேட்டர் ஒன்றும், அதை மூன்றரை மணி நேரம் ஓட்ட டீசலும் இருந்தால் ஊரின் பாதி நோய் நின்றது. டீசலை ஆம்புலன்ஸுக்குத் தருவதா, மோட்டாருக்குத் தருவதா என்று சண்டை வரும். இரண்டுக்கும் பங்கு பிரித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மோட்டார் நின்றால் ஆம்புலன்ஸுக்கு வேலை கூடும்.

குழாய் கணக்கும் உண்டு. 250 பேருக்கு ஒரு குழாய், 500 பேருக்கு ஒரு அடிபம்பு. பள்ளியில் தங்கியிருக்கும் 600 பேருக்குக் குறைந்தது 3 குழாய். வரிசையில் அரை மணிக்கு மேல் நிற்க வைத்தால் மக்கள் ஏரிக்குப் போய்விடுவார்கள்; நீங்கள் போட்ட குளோரின் வீண்.

இனி குளோரின். நம் ஊராட்சிகளில் கைவசம் இருப்பது பிளீச்சிங் பவுடர். புதுச் சரக்கில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து, தொட்டிக்கு அடியில் இருக்கும் தகர அறையில் வைத்தால் வெயிலும் ஈரமும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். கட்டி தட்டிப்போய், மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாமல் இருந்தால் அது வெறும் சுண்ணாம்பு. எனவே மூட்டை மேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல் 25 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். அதையும் சோதித்துத்தான் நம்ப வேண்டும்.

முதலில் 1 சதவீதக் கரைசல் தயாரிக்க வேண்டும். 25 சதவீதப் பவுடர் 40 கிராம் எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசை போலக் குழைத்து, பிறகு 1 லிட்டராக்கிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடவும். அடியில் தங்கும் வெள்ளை மண்டி சுண்ணாம்பு, அது வேண்டாம். மேலே நிற்கும் தெளிவுதான் மருந்து. பிளாஸ்டிக் வாளியில்தான் செய்ய வேண்டும். இரும்பு, அலுமினியப் பாத்திரத்தை அது அரிக்கும். வெயில் படாமல் மூடி வைத்து, தினம் புதிதாகத் தயாரிப்பது நல்லது. மண்டியோடு சேர்த்துத் தொட்டியில் கொட்டினால் குழாய் வாயில் சுண்ணாம்பு அடைக்கும். தண்ணீரும் வாயில் வைக்க முடியாதபடி இருக்கும். ஊரே ‘மருந்துத் தண்ணி’ என்று ஒதுக்கிவிடும்.

எவ்வளவு விடுவது? தண்ணீரைப் பொறுத்தது. அழுக்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு குளோரினை அது முதலில் விழுங்கிவிடும். மிச்சம் நிற்பதுதான் கிருமியைக் கொல்லும். அதைக் கண்டுபிடிக்க நான்கு வாளிகள் போதும். ஒவ்வொன்றிலும் அதே தண்ணீர் 20 லிட்டர். ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சால் முதல் வாளியில் 1 மி.லி., அடுத்ததில் 2, பிறகு 3, கடைசியில் 4 மி.லி. கரைசல் விட்டு, கலக்கி, மூடி, அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகு ஒவ்வொன்றையும் குளோரோஸ்கோப்பில் (மஞ்சள் நிறத்தை ஒப்பிட்டுக் குளோரின் அளவைக் காட்டும் சிறு கருவி) பாருங்கள். எந்த வாளியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமை ஒட்டி மிச்சம் காட்டுகிறதோ அதுதான் உங்கள் அளவு.

இரண்டாம் வாளி சரியாக வந்தது என்று வைப்போம். 20 லிட்டருக்கு 2 மி.லி. என்றால் 1,000 லிட்டருக்கு 100 மி.லி., 30,000 லிட்டர் தொட்டிக்கு 3 லிட்டர் கரைசல். பவுடராகச் சொன்னால் 120 கிராம். கையளவு என்று சொல்லி அள்ளிப் போடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. தொட்டி கால் பங்கு நிறைந்ததும் கரைசலை ஊற்றினால், மேலே விழும் தண்ணீரே கலக்கிவிடும். நிறைந்த பிறகு ஊற்றினால் மேலாக மிதந்து நிற்கும். முதல் தெருவுக்கு வெறும் தண்ணீர், கடைசித் தெருவுக்கு நெடி.

குளோரோஸ்கோப்பில் ஒரு நுணுக்கம். ஆர்த்தோடொலிடின் துளியை விட்டு 10 வினாடிக்குள் மஞ்சள் நிறத்தை ஒப்பிட வேண்டும். அப்போது தெரிவதுதான் வேலை செய்யக்கூடிய குளோரின். பேச்சுக் கொடுத்துக்கொண்டு கால் மணி கழித்துப் பார்த்தால், அழுக்கோடு ஒட்டிப்போன குளோரினும் சேர்ந்து மஞ்சள் அடர்த்தியாகத் தெரியும். தண்ணீர் நன்றாக இருப்பதாக ஏமாந்துபோவோம். சோதிக்க வேண்டிய இடம் தொட்டி அல்ல, கடைசித் தெருவின் கடைசிக் குழாய். சாதாரண நாளில் அங்கே 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை போதும். காலரா சந்தேகம் வந்துவிட்டால் 0.5-க்குக் கீழே இறங்க விடக் கூடாது.

தொட்டியில் சரியாக இருந்து கடைசிக் குழாயில் பூஜ்யம் காட்டினால் இடையில் எங்கோ சாக்கடை கலக்கிறது என்று பொருள். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் ஊரில் இது சகஜம். தண்ணீர் ஓடும்போது குழாய் வெளியே கசியும். நின்றதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, கசிந்த அதே ஓட்டை வழியாக வெளியே தேங்கியதை உள்ளே இழுக்கும். வால்வுக் குழிகளைத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் சாக்கடைக்குள்தான் உட்கார்ந்திருக்கும். அதை இறைத்துக் காயவைப்பது குளோரின் அளவைக் கூட்டுவதைவிடப் பலன் தரும்.

கிணற்றுக்கு: விட்டம் 5 மீட்டர், தண்ணீர் ஆழம் 4 மீட்டர் என்றால் 3.14 × 5 × 5 ÷ 4 × 4 = 78.5 கன மீட்டர், அதாவது 78,500 லிட்டர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் தர 25 சதவீதப் பவுடர் சுமார் 315 கிராம் வேண்டும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போடாமல் கரைத்து, தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் மூழ்கவிட்டு மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. இரவில் செய்வது வசதி. அடிபம்புக்கு இந்த வேலை ஆகாது. அங்கே ஓர் ஆள் சிரிஞ்சோடு நின்று, நிறையும் ஒவ்வொரு குடத்திலும் விட வேண்டும். 15 லிட்டர் குடத்துக்கு ஒன்றரை மி.லி., பிறகு அரை மணிப் பொறுமை. டேங்கர் லாரிக்கு நிரப்பும் இடத்திலேயே கலந்துவிட்டால் வரும் வழியில் குலுங்கிக் குலுங்கிக் கலந்துவிடும். 12,000 லிட்டருக்கு 1.2 லிட்டர்.

கலங்கிய தண்ணீரில் குளோரின் நிற்காது. பழைய பருத்திச் சேலையை நாலைந்து மடிப்பாக மடித்து வடிகட்டி, பிறகு மருந்திடுங்கள். வங்கதேசத்தில் சேலை மடிப்பில் மட்டும் வடிகட்டிய வீடுகளில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். காலராக் கிருமி தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் காரணம்.

ஃபுளோரைடு? போர்வெல் தண்ணீரைக் குடித்தால் பல் கறை படியாதா, எலும்பு வளையாதா என்ற கேள்வி நம் மாவட்டத்தில் கட்டாயம் எழும். எழ வேண்டிய கேள்விதான். ஆனால் ஃபுளோரைடு வருடக்கணக்கில் கெடுக்கும், காலரா ஒரே நாளில் கொல்லும். சில வாரங்களுக்குக் குளோரின் போட்ட போர்வெல் தண்ணீர் போதும். ஒகேனக்கல் தண்ணீர் திரும்பியதும் கைக்குழந்தை வீடுகளுக்கு முதலில் அதைக் கொடுங்கள்.

கக்கூஸ்

உடனடியாக 50 பேருக்கு ஒன்று. சில வாரத்தில் 20 பேருக்கு ஒன்று. 600 பேருக்கு முதலில் 12, பிறகு 30. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. ஆகவே 12-ல் 9 பெண்களுக்கு. தாழ்ப்பாளும் விளக்கும் இல்லாவிட்டால் இரவில் பெண்கள் போக மாட்டார்கள், தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடத்து செப்டிக் டேங்க் இரவு பகலாக 600 பேர் புழங்குவதற்குக் கட்டியதல்ல. சில நாட்களில் நிரம்பி வழியும். கழிவு உறிஞ்சும் லாரி எங்கே கொட்டுகிறது என்று கூடவே போய்ப் பார்க்க வேண்டும். ஓடையில் கொட்டினால் நோய் அடுத்த ஊருக்கு இடம் மாறும், அவ்வளவே. புதிதாகக் குழி எடுத்தால் நீர்நிலையிலிருந்து 30 மீட்டர் தள்ளி, தாழ்வான பக்கத்தில். இந்த 30 மீட்டர் மண் பூமிக்குச் சொன்ன அளவு. பாறை வெடிப்பு வழியாக அழுக்கு வெகுதூரம் ஓடும் என்பதால் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கற்பூமியில் தூரத்தைக் கூட்ட வேண்டும். பாறை தட்டினால் உடைக்க முயன்று நாளைக் கடத்தாமல், சிமென்ட் உறைகளைத் தரைக்கு மேல் அடுக்கி மேடைக் கக்கூஸாகக் கட்டுங்கள்.

கக்கூஸ் வாசலில் சோப்பு இருக்க வேண்டும். திருடு போகும் என்றால் பழைய சாக்ஸில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள்.

தட்டம்மை

தண்ணீர் வேலை நடக்கும்போதே தொடங்க வேண்டியது இது. நெருக்கி அடைத்த இடத்தில் தட்டம்மையைப் போல வேகமாகப் பரவுவது வேறில்லை. தடுப்பு இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். சத்துக் குறைந்த குழந்தைகளை அது நிமோனியாவிலும் பேதியிலும் கொண்டுபோய் விடும். எனவே முகாமுக்கு வந்து சேரும் 6 மாதம் முதல் 15 வயது வரையான எல்லோருக்கும், முன்பு போட்டதற்கு அட்டை இல்லையென்றால் கேள்வி கேட்காமல், தடுப்பூசி. 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குழந்தைக்கு 9 மாத வயது ஆகும் முன் போட்ட ஊசி கணக்கில் சேராது. 9 மாதம் ஆனதும் மறுபடி போட வேண்டும். கூடவே வைட்டமின் ஏ: 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம் யூனிட், 1 முதல் 5 வயதுக்குள் 2 லட்சம் யூனிட்.

ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஐ.எல்.ஆர். பெட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி உறை இருப்பதால் மின்சாரம் போனாலும் மூடியைத் திறக்காதவரை தாங்கும். ‘எப்படி இருக்கிறது’ என்று நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பதே அதைக் கெடுக்கும். ஊருக்குள் கொண்டுபோகும் கேரியரில் நான்கு ஐஸ் பேக். உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் வைக்காமல், ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை வெளியே வைத்திருந்து பிறகு வைக்க வேண்டும். சூட்டுக்குப் பயந்து உறைய வைத்துக் கெடுப்பதும் நடக்கிறது: பென்டாவேலன்ட், டி.டி. போன்றவை உறைந்தால் குப்பைதான். குப்பி மேல் இருக்கும் வட்டத்துக்குள் சதுரம், வட்டத்தைவிட வெளிறி இருந்தால் போடலாம். ஒரே நிறமானால் போடக் கூடாது. கலந்த தட்டம்மை ஊசியை 4 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மிச்சம் இருக்கிறதே என்று அடுத்த நாளுக்கு வைத்துப் போட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். அம்மை கண்ட குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வேப்பிலை கட்டி, ‘அம்மா வந்திருக்கா’ என்று வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். எனவே ‘காய்ச்சல் யாருக்காவது உண்டா’ என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். ‘யாருக்காவது அம்மை போட்டிருக்கா, வேப்பிலை கட்டியிருக்கீங்களா’ என்று கேட்க வேண்டும். வேப்பிலையோடு சண்டை வேண்டாம். குழந்தை தனியாக இருப்பதும், தண்ணீரும் கஞ்சியும் குறையாமல் இருப்பதும், வைட்டமின் ஏ உள்ளே போவதும் நடந்தால் போதும்.

பேதி வந்துவிட்டால்

1971-ல் வங்கதேசப் போருக்குத் தப்பி லட்சோபலட்சம் பேர் மேற்கு வங்காளம் வந்தபோது, பன்காவ் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் சர்க்கரையையும் உப்பையும் சோடா உப்பையும் கல்கத்தாவில் எடைபோட்டு, பாலித்தீன் பைகளில் அடைத்து, இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் ஒட்டி, முகாமுக்குக் கொண்டுவந்து பீப்பாயில் கரைத்துக் குழாய் வைத்துவிட்டார். லிட்டருக்கு குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம். டம்ளரில் பிடித்துக் கொடுத்தது நோயாளியின் அம்மாவும் அக்காவும்தான். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு அவருடைய பிரிவில் 3.6 சதவீதமாகக் குறைந்தது. 2023-ல், அவர் மறைந்த பிறகு, பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

இன்றைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அதன் திருத்திய வடிவம். உப்பு மட்டும் கொடுத்தால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. குளுக்கோஸ் கூட வந்தால் இரண்டும் கைகோத்து உள்ளே போகும், பின்னால் தண்ணீரும் போகும். எனவே அளவுதான் மருந்து. 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் பேதி அதிகமாகும். பாதிப் பாதியாக உடைத்துக் கரைத்தால் அளவு தவறும். பாட்டில் தண்ணீரின் 1 லிட்டர் பாட்டில் நல்ல அளவுகோல். பாலில், ஜூஸில் கரைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாக்கெட் தீர்ந்துவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் மோரும் துணைக்கு நல்லது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

கொடுக்கும் விதம்: ஒவ்வொரு தடவை போனதற்கும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி., பெரியவர்களுக்குக் குடிக்க முடிந்த அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி, பிறகு ஒரு ஸ்பூன், ஒரு நிமிட இடைவெளி, இன்னொரு ஸ்பூன். கண் குழிந்து, தாகம் அதிகமாகி, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புகிறது என்றால் கிலோவுக்கு 75 மி.லி. கணக்கில் 4 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். 10 கிலோ குழந்தைக்கு 750 மி.லி. கிள்ளிய தோல் 2 வினாடிக்கு மேல் மடிப்பாகவே நின்று, ஆள் துவண்டு, குடிக்கவும் முடியாவிட்டால் வாய் வழி போதாது. 50 கிலோ ஆளுக்கு நரம்பில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவம் 5 லிட்டர்: முதல் அரை மணியில் ஒன்றரை லிட்டர், மீதி மூன்றரை லிட்டர் அடுத்த இரண்டரை மணியில். ஒரு வயதுக்குள் வேகம் இதில் பாதி. மெதுவாகச் சொட்டவிடும் பழக்கம் இங்கே உயிரைக் குடிக்கும்.

எல்லோருக்கும் ‘குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று கேட்பார்கள். கொடுத்தால் உண்மையில் தேவைப்படுகிறவருக்கு மிச்சம் இருக்காது. ஒரு காலரா நோயாளிக்கு 8 முதல் 10 ஓ.ஆர்.எஸ். பாக்கெட் செலவாகும் என்று வைத்து இருப்பைக் கணக்கிடுங்கள். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை 20 மி.கி. (6 மாதத்துக்குள் 10 மி.கி.) 10 முதல் 14 நாள். பேதியை நிறுத்தும் மாத்திரை குழந்தைக்குக் கூடவே கூடாது. ஆன்டிபயாடிக் கடுமையான காலராவுக்கு மட்டும், மருத்துவர் சொன்னால்.

வாந்தி, பேதி வாளிகளுக்கு 2 சதவீதக் குளோரின் கரைசல், தரைக்கு 0.2; கைக்கு 0.05 சதவீதம். ஒரே வாளியில் எல்லாவற்றையும் செய்து முடிக்கப் பார்த்தால் கை வெந்துபோகும், அல்லது கிருமி சாகாது. மூன்று வாளிக்கும் மூன்று நிறம் இருக்கட்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. ரோட்டோரமாக வெள்ளைக் கோடு போட்டதுபோல் பிளீச்சிங் பவுடர் தூவுவதால் நோய் எதுவும் நிற்பதில்லை. வெயிலில் ஒரு மணி நேரத்தில் வீரியம் போய்விடும். கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால் செய்கிறார்கள். போர்க்காலத்தில் அந்த மூட்டை முழுவதும் தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டும்.

கொசு

குழாய்த் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் வீட்டில் அண்டாவும் டிரம்மும் பெருகும். டெங்குக் கொசுவுக்கு வேண்டியது அதுவே. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் சுழற்சி அறுபடும். கழுவ முடியாத சிமென்ட் தொட்டிக்குக் கொசுப் புழுவைக் கொல்லும் 50 சதவீத டெமிஃபாஸ் மருந்து, 1,000 லிட்டருக்கு 2 மி.லி. ஆட்டுக்கல், டயர், பழைய உரல் எல்லாம் பார்க்க வேண்டும். புகை அடிப்பது பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். புழு அப்படியே இருக்கும்.

போர் நடக்கும்போது கொசு ஒழிப்பெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்கு இலங்கையைக் காட்டலாம். 1999-ல் இரண்டரை லட்சத்துக்கும் மேல் மலேரியா. போர் நடந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் வலை கொடுப்பதும் ரத்தம் பரிசோதிப்பதும் நிற்கவில்லை. இரு தரப்பும் அதற்கு வழிவிட்டன. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றே இல்லை. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று தந்தது.

நோட்டுப் புத்தகம்

இணையம் இல்லாத நாளில் கிராம சுகாதார செவிலியரின் நோட்டுதான் கண்ணும் காதும். தினமும் சாயங்காலம் ஐந்து எண்கள்: 24 மணி நேரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ நீராகப் போனவர்கள், ரத்தத்தோடு போனவர்கள், காய்ச்சலோடு தடிப்பு கண்டவர்கள், மஞ்சள் காமாலை, இறந்தவர்கள். எந்தத் தெரு, எந்தக் குழாய் என்பதும் வேண்டும். ஊர் வரைபடத்தில் பேனாவால் புள்ளி வைத்தாலே பல சமயம் குற்றவாளிக் குழாய் தெரிந்துவிடும்.

எப்போது பதற வேண்டும்? தட்டம்மை ஒன்று கண்டாலே. இரண்டு வயதுக்கு மேற்பட்ட யாராவது நீர்ப்பேதியில் துவண்டாலோ இறந்தாலோ, அதைக் காலரா என்றே எடுத்துக்கொண்டு, மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்க வேண்டும். சாவுக்கு ஓர் அளவு உண்டு: 10,000 பேருக்கு ஒரு நாளில் 1. நம் 1,800 பேருக்கு அது வாரத்துக்கு ஒன்றே கால். வாரத்தில் இரண்டு சாவு வந்தால் ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டும்; நாலு வந்தால் எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது. சுடுகாட்டில் வேலை செய்பவரிடமும் கேளுங்கள். சிலர் சாவை மறைப்பார்கள், ரேஷன் அட்டையில் பெயர் போய்விடுமே என்று.

நோட்டில் பெயர் எழுதுவதில் கவனம் வேண்டும். 2011-ல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின்லேடனைத் தேடிய அமெரிக்க உளவுத் துறை தடுப்பூசி முகாம் என்ற பெயரில் உளவு பார்த்த பிறகு, அந்த நாட்டில் போலியோ பணியாளர்கள் பலர் தாக்கப்பட்டார்கள். ஊசி என்றாலே கதவைச் சாத்தினார்கள். மாறாக 1985-ல் எல் சால்வடாரில் குழந்தைகளுக்கு ஊசி போட உள்நாட்டுப் போரையே சில நாள் நிறுத்தினார்கள். 2024-ல் காஸாவில் 25 ஆண்டுகளுக்குப் பிறகு போலியோ தலைகாட்டியபோதும் சண்டையை இடைநிறுத்தி ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க முடிந்தது. நர்ஸம்மா யாருக்கும் ஆள்காட்டி அல்ல என்ற நம்பிக்கை இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஆகவே இரண்டு நோட்டு வையுங்கள். எண்கள் மட்டும் உள்ளது மேலே போகட்டும். பெயர், வந்த ஊர் உள்ளது செவிலியரை விட்டு நகரக் கூடாது. சீருடை அணிந்தவர் கேட்டாலும் சரி. துப்பாக்கியோடு யாரும் சுகாதார நிலையத்துக்குள் வரக் கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போடலாம்.

2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வீட்டுவாரிப் பட்டியல் இந்த நேரத்தில் கைகொடுக்கும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை யாருக்குப் போகிறது என்று அதில் இருக்கிறது. காசநோயாளிகளின் பட்டியலையும் அதோடு சேர்த்து, சாலை மூடுவதற்கு முன்பே 2 மாத மாத்திரையை வீட்டில் கொடுத்துவிடுங்கள். நடுவில் நின்றுபோன காசநோய் மருந்துக்கு அடங்காததாகத் திரும்பும். முகாமை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை: தடுப்பூசி அட்டை, சாப்பிடும் மாத்திரையின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு.